முதலில் நிறுத்தப்பட்டவனுக்கு

தம்பி,

உன் கடிதத்தை அக்கா வாசித்துக் காட்டினாள். கோட்டுப் போட்டுக்கொண்டு எடுத்த படமும் வந்து சேர்ந்தது. மெலிந்துபோயிருக்கிறாய். கடைச் சோற்றைத் தின்றால் அப்படித்தான் ஆகும். நலம் விசாரித்தது இத்தோடு போதும், இனி நான் திட்டப்போகிறேன், உட்கார்ந்து வாசி. பிள்ளைகளின் மூளையைச் சோதிக்கிற பெட்டியோடு கேகாலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் உன்னை அனுப்பப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம்முடைய பழைய தோட்டமும் அதில் உண்டு என்று எழுதியிருக்கிறாய். அங்கேயே நிறுத்தியிருந்தால் பாயாசம் வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்திருப்பேன். "அந்தச் சோதனை அன்றைக்கு வந்திருக்காவிட்டால் நானும் மற்றவர்களைப் போல ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பேன் அம்மா, என் மூளைதான் என்னைக் காப்பாற்றியது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறிவிட்டது. அம்மியில் மிளகாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். எடுடி பேனாவை என்று உன் அக்கா அங்கம்மாவிடம் சொன்னேன்.

எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். நான் லயத்துப் பேச்சில் சொல்லச் சொல்ல அவள் அதை வாத்தியார் தமிழாக்கி எழுதுகிறாள். திட்டுகளை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். நீ வாசிக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வாசித்துக்கொள். இன்று சொல்லப்போகிறதில் அவளுக்குப் பிடிக்காத இடம் ஒன்று வரும். அங்கே பேனாவைக் கீழே வைப்பாள். வைத்தால் விடமாட்டேன்.

நான் எதற்கு ஜெயிலுக்குப் போனேன் என்று நீ ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை. பெரிய கங்காணியின் கையை அம்மா கத்தியால் வெட்டினாள், உள்ளே போனாள், வெளியே வந்தாள், அவ்வளவுதான் உன் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. நீ பட்டணத்துப் பிள்ளையாகிவிட்டதால் தோட்டத்து நடைமுறையையே உனக்கு முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. பெரிய கங்காணி என்றால் எங்களை அக்கரையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவன். வேலை கொடுப்பது அவன், எந்தக் குடும்பத்துக்கு லயத்து வரிசை வீடுகளில் எந்தக் காம்பரா அறை என்று சொல்வது அவன், துரையிடம் நமக்காகப் பேசுவதும் அவன், நம்மை அடிப்பதும் அவன். விடிகாலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா, அங்கே ஒருவன் பிந்தி வந்தால் அவனோடு முதலில் பேசுவது கங்காணியின் தடிதான். அடி விழும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாலும் அது எதிர்த்துக் கை ஓங்கியதாகத்தான் கணக்கு, அதற்கு வேறு தனியாக விழும். உன் அப்பா மூக்கில் ரத்தம் ஒழுக, பின்னால் கட்டிய கையோடு நின்றதை நீ பார்த்திருக்கிறாய். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் நடக்கப் பழகும்போதே அதையும் பழகியவர்கள்.

கங்காணியின் மகன் முருகேசு உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். தண்ணீர்ப் பீலியில் அவன் குடித்த பிறகுதான் மற்றப் பிள்ளைகள் குடிக்கலாம். கோயிலில் பொங்கல் அவன் கைக்குப் போன பிறகுதான் உன் கைக்கு வரும். பள்ளிக்கூடத்திலும் அதுவே சட்டம். வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டால் முன்வரிசையில் நிற்கிற முருகேசு பதில் சொல்வான், பின்னால் நிற்கிறதுகள் எல்லாம் அதையே சேர்ந்து சொல்லும். ஆறேழு நாற்பது என்று அவன் சொன்னால் அன்றைக்கு அது நாற்பதுதான். ஒருதடவை மாரியாயியின் மகன் வாய் துடுக்கில் நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டான். மறுநாள் அவன் தகப்பனை அட்டை மொய்க்கிற கீழ்மலைக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் ஏதோ ஒரு சாக்கில் அந்தத் தகப்பனின் முன்பல் இரண்டும் போயின. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் முருகேசு சொல்லாததைச் சொன்னதில்லை. நம் வாத்தியாரும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்தான், அவருக்கும் சம்பளம் வேண்டாமா?

அப்படிப்பட்ட தோட்டத்துக்குத்தான் அந்தச் சோதனை ஐயா கொழும்பிலிருந்து மோட்டார் காரில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துத் தமிழர், நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அவர் கையில் உன்னுடையதைப் போலவே ஒரு பெட்டி. கூலிப் பிள்ளைகளிலும் மூளைசாலி உண்டா என்று பார்க்கப்போகிறாராம், முதலாவதாக வருகிற ஒரே ஒரு பிள்ளையைத் துரை செலவு போட்டுப் பட்டணத்து விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாராம். முதல் நாளே கணக்கப்பிள்ளை இதைப் பிரட்டுக்களத்தில் சொன்னார். அந்த இடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பெரிய கங்காணி மகனுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான்.

ஐயா பிள்ளைகளைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொல்லக்கூடாதாம், அதற்காகக் கதவையும் சாத்திக்கொண்டார். பாவம். முதலில் முருகேசு போனான், வெளியே வந்தான், வாசற்படியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, "படத்துல ஒரு வீடு இருக்கும். அதுல என்னா இல்லேன்னு கேப்பாரு. நான் நாயின்னு சொன்னேன். நீ என்னா சொல்லுவ?" என்று கேட்டான். "நாயின்னு சொல்றேங்க" என்றது ஒவ்வொன்றும். அந்த வீட்டுக்குக் கதவு இல்லையாம். கதவைப் போட மறந்த படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அத்தனையும் நாய் இல்லை, நாய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தன. அடுத்த கேள்வி, உன்னோடு விளையாடுகிற பையன் உன்னை அடித்துவிட்டால் நீ என்ன செய்வாய்? முருகேசு சொன்னது, "எங்கப்பாகிட்ட சொல்லி அவன் அப்பன் தோல உரிப்பேன்." அதையும் எல்லாப் பிள்ளைகளும் அச்சுப் பிசகாமல் சொல்லின. தினம் தினம் தோல் உரிகிற அப்பன்மாருடைய பிள்ளைகள் சொல்கிற பதிலா அது? ஐயா தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாராம்.

இனி அங்கம்மாவின் முறை. இப்போதே முகத்தைச் சுளிக்கிறாள். எழுதடி. நாய் இல்லை, தோலை உரிப்பேன், இரண்டையும் அவள் சொல்லிவிட்டாள். பிறகு ஐயா பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய ஒரு பலகையை வைத்து, வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று கட்டைகளைக் கொட்டி, அததன் பள்ளத்தில் போடு பிள்ளை என்றார். இதை முருகேசு வாசலில் சொல்லியிருக்கவில்லை, அவனுக்குத்தான் செய்ய வரவில்லையே. இவள் கையைக் கொண்டுபோனதும் அது தன்பாட்டில் ஓடிவிட்டது, அத்தனை கட்டையும் ஒரு மூச்சில் உட்கார்ந்துவிட்டன. ஐயா நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்ததை இவள் பார்த்துவிட்டாள். உடனே நட்சத்திரத்தைப் பிடுங்கி வட்டப் பள்ளத்தில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். ஐயா பெருமூச்சு விட்டு, "சரி பிள்ளை, நீ போ" என்றார்.

நீ அந்த வரிசையில் இல்லை. ஏன் இல்லை என்று உன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள மாட்டாய், நான் சொல்கிறேன். காலையிலிருந்து உனக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் உன்னைப் பார்ப்பார், நீ நிற்பாய், அடுத்த நிமிடம் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஓடுவாய். கடைசியில் எல்லோரும் முடிந்து, முருகேசுவும் வாசற்படியை விட்டுச் சாப்பிடப் போன பிறகு, வாத்தியார் உன்னைக் கழுவிவிட்டு உள்ளே தள்ளினார். நாய்க் கதை உன் காதில் விழவே இல்லை. "இஞ்சை பார் தம்பி, இந்த வீட்டில என்ன குறையுது?" என்று ஐயா கேட்டதற்கு, "கதவு இல்லைங்க, மழை அடிச்சா உள்ள வருமே" என்றாய். கட்டைகளையும் மெதுவாக, இரண்டு பிழை விட்டு, போட்டு முடித்தாய். ஒருவன் அடித்தால் என்ன செய்வாய் என்றதற்கு, "கையப் பின்னாடி கட்டிக்குவேங்க" என்றாய். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். வாத்தியாரைக் கூப்பிட்டு, "பாருங்கோ மாஸ்டர், இந்த வயசில எவ்வளவு பொறுமை, எவ்வளவு விவேகம்!" என்று சொல்லி அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி போட்டார். விவேகமாம். பிரட்டுக்களத்தில் நீ பார்த்துப் பழகிய பயத்துக்கு அந்த மனிதர் முழுப் புள்ளி போட்டார் தம்பி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு பெட்டியை மூடிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு, ஸ்டோருக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார். நாங்கள் அப்போது வெட்டிய பாலை வாளியில் கொண்டுவந்து நிறுக்கக் காத்திருந்தோம். துரை குழாயைப் புகைத்துக்கொண்டு நின்றார், பெரிய கங்காணி பக்கத்தில் தடியோடு நின்றான். ஐயா பெயரை உரக்க வாசித்து, புள்ளிப்படி ஒவ்வொரு பிள்ளையையும் தோளைப் பிடித்து நிறுத்தினார். உன்னை முதலில் நிறுத்தினார். நடுவில் மற்றவர்கள். முருகேசு கட்டையில் ஒன்றை உடைத்துவிட்டதால் இன்னும் குறைந்து, புதுச் சட்டையோடு வாலில் போய் நின்றான். அந்தத் தோட்டத்தில் முருகேசுவுக்கு முன்னால் எவனும் நின்று யாரும் பார்த்ததில்லை. ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் உன் அப்பா சிரித்தார். அவர் யாரையும் நக்கலடிக்கத் தெரிந்தவர் இல்லை, உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் வாய் தன்னால் திறந்துவிட்டது. துரைக்குச் சாப்பாட்டு நேரம். நல்லது நல்லது என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் பங்களாவுக்குப் போனார்.

குதிரை வளைவில் மறையும் வரைக்கும் பெரிய கங்காணி பொறுத்திருந்தான். பிறகு முதல் அடி முருகேசுவுக்குத்தான் விழுந்தது. வாலில் நின்ற பிள்ளையை அப்படியே தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, முதுகில், காலில், விழுந்த பிறகு விலாவில் என்று அந்தத் தடி முறிகிற வரைக்கும் அடித்தான். "கூலி மவனுக்கு கீழயா நிக்கிற? கூலி மவனுக்கு கீழயா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். புதுச் சட்டை கிழிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. "விடுங்கோ, பிள்ளையெல்லே, விடுங்கோ!" என்று ஓடிவந்த வாத்தியாரின் முகத்தில் முறிந்த தடியால் ஒன்று போட்டான், கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. பிறகு உன் அப்பாவிடம் வந்தான். "சிரிச்சியாடா?" என்றான். உன் அப்பா கையைப் பின்னால் கட்டினார். பின்னால் கட்டிய கையையே இரண்டு ஆட்களை விட்டு முறுக்கச் சொன்னான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, விறகை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அதே சத்தம். அந்தக் கை கடைசிவரை நேராகவில்லை.

அப்புறம் உன் கழுத்தைப் பிடித்தான். "வாத்தி சொல்லிக் குடுத்தான்னு சொல்லுடா. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுடா!" நீ சொல்லவில்லை. வீரத்தால் இல்லை, உனக்கு என்ன கேட்கிறான் என்றே விளங்கவில்லை. "கதவு இல்லீங்க, கதவு இல்லீங்க" என்று அலறினாய். அவன் உன் தலையை என் பால்வாளிக்குள் அமுக்கினான். ரப்பர்ப் பால் பசும்பாலா? மூக்கில் போனால் அங்கேயே கெட்டியாகிற சாமான். உன்னைத் தூக்கினான், சொல்லுடா என்றான், மறுபடி அமுக்கினான். நான் அவன் முதுகில் விழுந்து கடித்தேன், காதைப் பிய்த்தேன், அவன் ஆட்கள் என்னை இழுத்துத் தரையில் போட்டு வயிற்றில் மிதித்தார்கள். சுற்றி நின்ற அத்தனை சனமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. உன் கால்கள் உதைத்தன, பிறகு உதைப்பது குறைந்தது.

இதோ, பேனாவை வைத்துவிட்டாள். "அது வேணாம்மா, அவன் இத்தன நாள் தெரியாமதான இருந்தான்" என்கிறாள். எழுதடி என்றால் எழுது. நான் செத்தால் யார் சொல்வார்கள்?

தரையில் கிடந்த என் இடுப்பிலிருந்து பால் வெட்டுகிற கத்தியை உருவியது அங்கம்மா. அவளுக்கு அப்போது பத்து வயது. அழவில்லை, கத்தவில்லை. கூட்டத்தின் காலிடுக்கில் நுழைந்து போனாள், வாளியில் உன் தலையை அமுக்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தாள், மணிக்கட்டில் கத்தியின் வளைந்த நுனியைக் கொக்கியாக மாட்டி இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தாள். மரத்தில் பட்டையைச் சீவும்போது உள்ளே படாமல் இழுக்கவேண்டும், இவள் எலும்புவரை இழுத்தாள். நரம்பு அறுந்து அவன் விரல்கள் தாமாக விரிந்தன. அப்படித்தான் உன் தலை வெளியே வந்தது. வெள்ளைப் பாலெல்லாம் சிவப்பு. அவன் கையைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், மயங்கி விழுந்தான். நான் தவழ்ந்து போய் அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி, எழுந்து நின்று, "நான்தான் வெட்டுனேன்! நான்தான்டா வெட்டுனேன்! இன்னும் எவனுக்கு வேணும்?" என்று கத்தினேன்.

மாவனல்லையிலிருந்து போலீஸ்கார ராலாமி வந்து என் முன்னால் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மாரியாயி முதலில் போனாள், "இவதாங்க வெட்டுனா" என்றாள். அடுத்தவனும் இவதாங்க என்றான். அத்தனை பேரும், உன்னோடு படித்த பிள்ளைகள் உட்பட, ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார்கள். எவர் வாயிலும் அங்கம்மா பெயர் வரவில்லை. முதல் ஆள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அந்தத் தோட்டத்துக்குப் பழக்கிவிட்டவன் பெரிய கங்காணிதானே, அனுபவிக்கட்டும்! கடைசியில் முருகேசுவைக் கேட்டார்கள். குப்புறக் கிடந்தான், முதுகில் தோல் இல்லை. அவன் அருகில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்தவன். என் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவதான்" என்று என்னைக் காட்டினான். கங்காணி கோர்ட்டில் மறுத்துச் சொல்வானோ என்று பயந்தேன். பத்து வயதுப் பெட்டை வெட்டினாள் என்று சபையில் சொல்ல அவனுக்கு வாய் வருமா? அவனும் நான்தான் என்றான்.

இனி உன் விடுதிப் பள்ளிக்கூடத்துக் கதைக்கு வருகிறேன். உன் புள்ளியைப் பார்த்துத் துரை மனமிரங்கி அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். திரும்பி வந்து ரத்தக்கறையைப் பார்த்த துரை, இந்தக் குடும்பத்தில் ஒரு குஞ்சும் என் தோட்டத்தில் இருக்கக்கூடாது, பள்ளிக்கூடமாவது மண்ணாவது என்று சொல்லிவிட்டார். அடி விழுந்ததையெல்லாம் பார்த்த சோதனை ஐயா காருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். வாத்தியார் ரத்தம் ஒழுகுகிற முகத்தோடு உன்னைத் தூக்கிக் கொண்டுபோய் அவர் கையில் போட்டார். "நீங்கள்தானே இவனை முதலில நிப்பாட்டினீங்கள்? இனி இவன் இஞ்சை உயிரோட இருக்க ஏலாது. கொண்டுபோங்கோ" என்றார். அந்த ஐயா தேங்காயெண்ணெய் போட்டு உன் முகத்திலிருந்து ரப்பரை உரித்து எடுத்து, தன் கைக்காசில் உன்னைப் படிக்கவைத்தார். அதற்காக அவர் இருக்கிற திசையைக் கும்பிடுகிறேன். ஆனால் உன்னைக் காரில் ஏற்றியது உன் அக்கா இழுத்த இழுப்பு. அவளுடைய புள்ளி அந்த ஐயாவின் காகிதத்தில் என்ன தெரியுமா? உன்னுடையதில் பாதிகூட இல்லை.

ஜெயிலை விட்டு வந்து, மாவனல்லையில் முதலாளி கடைக்குப் பின்னால் இந்த அறையில் நாங்கள் குடியேறிய பிறகு, ஒருநாள் இவளைக் கேட்டேன். ஏண்டி, கதவு இல்லாதது உனக்குத் தெரியவில்லையா? "தெரிஞ்சுதும்மா. தெரியும்னு காட்டுனா அப்பாவ அடிப்பாங்கன்னும் தெரிஞ்சுது. அதையும் அந்த அய்யா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். அவர் கேட்கவில்லை. இன்றைக்கு இவள் முதலாளி கடைக் கணக்கை எழுதுகிறாள், பால் வெட்டவில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நீ குற்றவாளிபோல உடனே ஓடி வந்து இவள் காலில் விழவேண்டாம், அதைக் கண்டால் இவளுக்குக் கோபம் வரும். நீ மந்தம் என்றும் நான் சொல்லவில்லை. நீ கெட்டிக்காரன்தான், நான் பெற்ற பிள்ளை வேறெப்படி இருக்கும்? மூளை என்னைக் காப்பாற்றியது என்று மட்டும் இனி எவரிடமும் சொல்லாதே, அக்கா காப்பாற்றினாள் என்று சொல்.

அந்தப் பெட்டியைத் தூக்காதே என்றும் சொல்லமாட்டேன். நீ போகாவிட்டால் லயத்தையே பார்த்திராத வேறொருவன் போவான். போ. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பிரட்டுக்களத்தைப் போய்ப் பார், யார் அடிக்கிறான், யார் வாங்குகிறான் என்று பார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிழையைச் சொன்னால், இதுகளுக்கு மூளை இல்லை என்று எழுதுகிற கையை நிறுத்திக்கொள், வாசற்படியில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று எட்டிப் பார். அடித்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி உன் பெட்டியிலும் இருக்கிறதா? கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் புள்ளி போடாதே, சட்டையைத் தூக்கி முதுகைப் பார். சோதனை முடிந்ததும் பெயர் வாசித்து வரிசை வைக்காதே. மேலிடத்து உத்தரவு என்று எவனாவது சொன்னால், என்னைக் கூப்பிடு, நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

நீ சோதிக்க வருகிற செய்தி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. போன சந்தை நாளில் முருகேசு வந்தான். பெரிய கங்காணி செத்து, அந்தப் பிரட்டுக்களத்தில் இப்போது அவன்தான் கங்காணி. தொப்பி, கோட்டு, தகப்பனுடையதைப் போலவே ஒரு தடி. தடியை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தான், உட்காரவில்லை. "ஆத்தா, ஒங்க மவன் வாராராமே. எம் புள்ள படிப்புல மட்டு. கடைசியாத்தான் வருவான். வந்தா வரட்டும். அத என்கிட்ட சொல்ல வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றான். சொன்னால் என்னடா ஆகிவிடும் என்று கேட்டேன். "ஏற்கனவே ரெண்டு தடவ அவன் காது கிழிஞ்சிருச்சு ஆத்தா. எங் கை எங்கிட்ட இல்ல" என்றான். உன் கை உன்னிடம் இல்லாமல் யாரிடமடா இருக்கிறது என்று சத்தம் போட்டேன். அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அங்கம்மாவைப் பார்த்தான். "எங்கப்பாவும் எங்க ஆத்தாகிட்ட இப்படித்தான் சொல்லி அழுவாரு. அக்கா அந்தக் கைய வெட்டுனப்பறந்தான் நான் நிம்மதியா தூங்குனேன்" என்றான்.

அங்கம்மா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் பிள்ளையின் பெயர் சின்னராசு, ஒல்லியாக, காதில் தையலோடு இருப்பான். அவனை முதலிலும் நிறுத்தாதே, கடைசியிலும் நிறுத்தாதே.

அம்மா